மொரப்பூருக்கு மூன்று அட்டைகள்

சேலத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. இருபுறமும் பாறையும் முள்ளும். தொலைவில் வெயிலில் வெளுத்த ஒரு மலை. எங்கள் காவிரிக் கரைப் பக்கத்தில் வண்டி இப்படி நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு வாய்க்காலாவது தென்படும். இறங்கி முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். இங்கே இறங்கியவர்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று என்ஜினைப் பார்த்தார்கள், சூரியனைப் பார்த்தார்கள், மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மதிய உணவு வேளை கடந்துகொண்டிருந்தது. பையிலிருந்த தகர டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டேன். சற்றுப் பொறுத்து இன்னொரு துண்டு. எதிரில் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த அம்மாள் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, சக்கர வியாதியா?"

"இல்லைங்க."

"பின்ன? வெல்லத்தப் போயி மருந்தாட்டம் நேரம் பாத்துத் திங்கறியே."

"பழக்கம்" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் முறுக்கைக் கடித்த ஓசையில் நம்பிக்கையின்மை தெரிந்தது.

அது மருந்துதான். எனக்கு இருப்பது போர்ஃபிரியா என்னும் நோய். அரிதானது, மருத்துவர்களிலும் பலர் நேரில் கண்டிராதது. இரத்தத்தின் சிவப்பை உண்டாக்கும் வேலையில் உடல் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது என்று எனக்கு விளக்கினார்கள். பட்டினி கிடந்தால் அது சீறும். தூக்கத்துக்கும் வலிப்புக்கும் தருகிற சில மருந்துகளாலும், சல்பா என்று தொடங்கும் சில மாத்திரைகளாலும் இன்னும் மோசமாகச் சீறும். பொறுக்க முடியாத வயிற்று வலி, வாந்தி, மனக் குழப்பம், பிறகு கைகால் விழுந்துபோதல். என் தந்தை இப்படித்தான் இறந்தார். வயிற்று வலி என்று போனவருக்கு அமைதியாகத் தூங்க ஊசி போட்டார்கள். போட்டவர் நல்லெண்ணத்தோடுதான் போட்டார். நோயின் பெயர் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

எனக்கு வலி வந்தபோது பெயர் தெரிந்த ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது என் நல்வாய்ப்பு. அந்த அம்மையார் இரண்டு கட்டளைகள் இட்டார். நோயின் பெயரும் ஆகாத மருந்துகளும் எழுதிய அட்டை எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். தந்தைவழி இரத்த உறவினர் அனைவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். "கடிதம் எழுதாதே. மடித்து எங்காவது வைத்துவிடுவார்கள். நேரில் போ" என்றார்.

தந்தைவழி உறவென்று எஞ்சியிருந்தது தருமபுரி மாவட்டத்தில் ஒரு பெரியப்பா குடும்பம். எங்களுக்குள் போக்குவரத்து அற்றுப் பல காலம் ஆகியிருந்தது. முதுகலைத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய விடுமுறையில், தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவான எழுத்தில் மூன்று அட்டைகள் தயாரித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, வரும் நாளை மட்டும் எழுதித் தெரிவித்துவிட்டுப் புறப்பட்டேன். ஒன்று என்னுடையது, என் பெயர், வயது, ஊரோடு. ஒன்று பெரியப்பாவுக்கு. ஒன்று அவர் மகள் சகாயமேரிக்கு. அவர்கள் அட்டைகளில் 'இந்நோய் இருக்கக்கூடும். சோதிக்கும்வரை இம்மருந்துகள் வேண்டாம்' என்று எழுதியிருந்தேன்.

வண்டி எப்போது கிளம்பியது என்று தெரியவில்லை. வெல்லம் தீர்வதற்குள் மொரப்பூர் வந்துவிட்டது.

பெரியப்பா பச்சை பெல்ட்டும் வெள்ளை வேட்டியுமாக, பெட்டி கட்டிக்கொள்ளக் கயிற்றோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "நெத்தி அப்பிடியே அவனுது" என்றார். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஊர் முழுவதும் புளி. பாதையில், கூரையில், பாயில், எங்கும் உலர்ந்துகொண்டிருந்தது. பெரியம்மாவும் சகாயமும் முற்றத்தில் உட்கார்ந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றை மூச்சில் இழுத்தாலே பல் கூசியது. எங்கள் ஊரில் இந்நேரம் களத்துமேட்டில் வைக்கோல் வாசனை வீசும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு களியும் கீரைக் கடைசலும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆகையால் வீட்டில் கறி மீன் இல்லை. களியை நான் சோறு போல மென்றுகொண்டிருந்ததைச் சகாயம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"அக்கா, பரிச்ச எழுதறாப்பல யோசிச்சு யோசிச்சுத் திங்காதீங்க. களிய மெல்லக் கூடாது. உருட்டி முழுங்கிரணும்."

"நீ சாப்பிடவில்லையா?"

"நான் ஒருசந்தி."

ஒரு நாளில் ஒரே வேளை உண்டு நோன்பிருப்பதை ஒருசந்தி என்போம். எங்கள் வீட்டிலும் பெரிய வெள்ளியன்று உண்டு. இவளோ தவக்காலம் தொடங்கியதிலிருந்து நாள்தோறும் இருந்தாள். ஈஸ்டர் என்னும் பாஸ்குத் திருநாள் கழிந்ததும் அவளுக்குத் திருமணம். மாப்பிள்ளை மொரப்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேவியர். கல்யாணம் தடங்கலின்றி நடக்க வேண்டும் என்ற நேர்ச்சை அது. களியை மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். நான் அதிகம் பேசாதவள். பழகாத பெண்ணிடம் சிறுநீரின் நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு என்னிடம் சொற்கள் இல்லை. இலக்கணமாகக் கேட்டேன், அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை நேராகக் கேட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வலி வரும் நாட்களில் அது சிவந்துபோகும், வெயில் பட்டால் கறுத்துவிடும் என்றாள். பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுவாளாம். வலி வருஷத்துக்கு ஓரிரு முறை வரும். வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பெரியம்மா இரண்டு நாள் எதுவும் கொடுக்காமல் படுக்கப் போடுவார். பட்டினியால் வந்த நோவுக்குப் பட்டினியே வைத்தியம்.

அன்று மதியம் மூவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா அட்டையைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தம்பி செத்த விதத்தை நான் சொன்னபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  முடிந்ததும் பெரியம்மா கேட்டார்.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா கண்ணு?"

"இல்லை."

"சொல்லாத."

அவர் இரண்டு அட்டைகளையும் கண்ணில் ஒற்றி, இரும்புப் பெட்டியைத் திறந்து, நிலப் பத்திரத்துக்கும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் நடுவில் பத்திரமாக வைத்துப் பூட்டினார். சாவி பெரியப்பாவின் பச்சை பெல்ட்டுக்குள் போயிற்று.

"பெரியம்மா, அது உடம்போடு இருக்க வேண்டும். வெளியே போகும்போது—"

"முக்கியமான காயிதத்த யாராச்சும் வெளிய எடுத்துட்டுப் போவாங்களா? மழையில நனையும், பஸ்ஸுல விழும். பொட்டியில இருந்தா எங்கயும் போவாது."

அவர் அலட்சியப்படுத்தவில்லை. அந்த வீட்டில் ஒரு காகிதத்துக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச மரியாதையைச் செய்திருந்தார். அதனால்தான் என்னால் சட்டென்று எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஒருசந்தியையாவது நிறுத்தலாம் என்று பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "நோயாளிக்கு ஒருசந்தி கடமையே இல்லம்மா. நான் சொன்னேன்னு சொல்லு. கஞ்சி குடிக்கச் சொல்லு." வெற்றியோடு திரும்பி வந்து சொன்னேன். பெரியம்மா புளியங்கொட்டையைத் தட்டியபடியே கேட்டார்.

"சாமியார் சரியாத்தான் சொல்லியிருக்காரு. நோயாளிக்குத்தானே? இந்த வூட்ல யாரு நோயாளி?"

சகாயம் தலை நிமிரவில்லை. விலக்கு வேண்டுமானால் அவள் முதலில் நோயாளி என்று ஊருக்கு முன் ஆக வேண்டும். அன்றும் அவள் ஒரு வேளைதான் உண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வலி வந்துவிட்டது. பாயில் உருண்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இறுகியிருக்கவில்லை, மெத்தென்றுதான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருக்கும். வெல்லத் தண்ணீர் கொடுத்தேன், வாந்தி எடுத்தாள். நண்பகலுக்குள் பேச்சு தடுமாறத் தொடங்கியது. புளி மூட்டையைக் கூரையிலிருந்து இறக்கு, அது என்னைப் பார்க்கிறது என்றாள். அதற்குப் பிறகு பெரியம்மாவும் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

"பெட்டியைத் திறங்கள். அட்டை வேண்டும்" என்றேன்.

பெரியப்பா அரூருக்குப் போயிருந்தார். பச்சை பெல்ட்டோடு.

பெரியம்மா பெட்டியின் பூட்டை இரு கைகளாலும் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. பூட்டு நல்ல பூட்டு.

ஊர் முனையில் புளி ஏற்றிக்கொண்டிருந்த லாரி ஒன்று தருமபுரி வழியாகப் பெங்களூர் போவதாகத் தெரிந்தது. ஓட்டுநர் கன்னடம் கலந்து பேசினார். "பேக ஏறுங்கம்மா, பேக, சீக்கிரம்! கிளீனரு மேல மூட்டையில குந்திக்குவான். ஆனா முன்னால ரெண்டு பேருக்குத்தான் எடம்."

ஏறியவர்கள் சகாயமும் அவள் தாயும். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது; நோயின் பெயர் வாயில் நுழையவில்லை. என் ரவிக்கைக்குள் ஊக்கால் குத்தியிருந்த என் அட்டையைக் கழற்றி, சகாயத்தின் தாவணியில், தோளுக்குக் கீழே, யாரும் பார்க்காமல் இருக்க முடியாத இடத்தில் குத்தினேன்.

"டாக்டர் கையை வைக்கும் முன்னால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். இதை மட்டும்."

லாரி போய்விட்டது. நான் பேருந்தைப் பிடித்தேன். நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் சக்கரம் பஞ்சரானது. மாற்றுச் சக்கரமும் காற்றில்லாமல் இருந்ததை நடத்துநர் அப்போதுதான் கண்டுபிடித்தார். பயணிகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி நின்றார்கள்.

"புளிய மரத்து நெழல்ல நிறுத்துனானே, அதுவே பெரிய மனசு" என்றார் ஒருவர்.

"அவனா நிறுத்துனான்? டயரு நிறுத்துச்சு" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நோய் தெரிந்த நாளிலிருந்து முதன்முறையாக அங்கே ஊக்கு இல்லை. இந்தச் சாலையோரத்தில் நான் விழுந்தால் நான் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. எது என்னைக் கொல்லும் என்பதும் தெரியாது. டப்பாவில் மிச்சமிருந்த வெல்லத்தைத் தின்று தீர்த்தேன். சகாயம் இத்தனை வருஷம் இப்படித்தான் நடமாடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

தருமபுரி மருத்துவமனையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சகாயமேரி என்று கேட்டேன். வாயிலில் இருந்த பணியாளர் ஏட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார். மறுபடியும் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் இல்லை. அந்தக் கணத்தில் என் மனம் போன இடத்தை எழுத விரும்பவில்லை.

"புளி லாரியில் வந்திருப்பார்கள்" என்றேன்.

"அதச் சொல்லுங்க! வார்டு பூரா புளி வாசன. மொதக் கட்டில்லயே இருக்குது. ஆனா அது பேரு சகாயமேரி இல்லீங்களே. ஸ்டெல்லா."

ஓடினேன். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் என் பெயர். என் வயது. என் ஊர். அதன் கீழே, கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருக்க, சகாயம் உறங்கிக்கொண்டிருந்தாள். வெளிறியிருந்தாள், ஆனால் மூச்சு சீராக இருந்தது.

பணியிலிருந்த மருத்துவர் இளைஞர். நான்தான் அட்டைக்கு உரியவள் என்று சொன்னதும் என்னை உட்காரச் சொன்னார்.

"இந்த வியாதியப் புத்தகத்துல ஒரு பக்கம் படிச்சிருக்கேம்மா. பரிட்சைக்கு வராதுன்னு தள்ளிவிட்டேன். பொண்ணு பிதற்றிக்கிட்டு வந்துச்சு. அமைதிப்படுத்த ஊசிய எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். அப்புறந்தான் தாவணியில இதப் பாத்தேன்." அட்டையை என் பக்கம் திருப்பினார். "எடுத்து வச்சது என்ன ஊசின்னா, உங்க அட்டையில மொத வரியில இருக்குது பாருங்க, அதுதான்."

சன்னலில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்திருந்தார். அதிலிருந்த சிறுநீர் மாலை வெயிலில் பழைய திராட்சை ரசத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. உறுதி செய்யப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், ஆனால் தனக்கு ஐயம் இல்லை என்றார்.

"பெயரைத் திருத்த வேண்டும். இவள் சகாயமேரி" என்றேன்.

"தாயார் வந்து சொல்லட்டும், மாத்திடலாம்."

தாயார் வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். 

"எம் பொண்ணக் காப்பாத்திட்ட சாமி. ஒன்ன சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேரு மட்டும் அப்பிடியே இருக்கட்டும். ஒனக்குத்தான் எப்பிடியும் இந்த வியாதி இருக்குதில்ல? இன்னொரு எடத்துல ஒம் பேர எழுதுனா என்ன கொறஞ்சு போச்சு?"

 ஒரு வகையில் அவர் கேட்டது நியாயமாகக்கூட இருந்தது. எனக்கு மணம் பேச யாரும் வரிசையில் நிற்கவில்லை. பெயரை இரவல் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினால் ஒரு கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அடுத்த முறை வலி வரும்போது, இந்த ஏட்டில் ஸ்டெல்லாவுக்கு நோய் இருக்கும். சகாயமேரிக்கு ஒன்றுமே இருக்காது. அவளுக்கு அந்த ஊசியைப் போடுவார்கள்.

"திருத்தத்தான் வேண்டும். அவள் எழட்டும், அவளே சொல்லட்டும்" என்றேன்.

"படிச்சவ இல்லியா நீ. பிடிச்ச பிடிய விட மாட்ட" என்றார் பெரியம்மா.

மூன்றாம் நாள் சகாயம் கஞ்சியைத் தானே பிடித்துக் குடித்தாள். அன்று மதியம், கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நான் தாழ்வாரத்தில் வரும்போது, எண்ணெய்க் கறை படிந்த நகங்களோடு ஓர் இளைஞர் கையில் ஆரஞ்சுப் பையுடன் நின்றிருந்தார். பெரியம்மா வார்டின் வாசலை மறித்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"சகாயத்துக்கு ஒண்ணுமில்ல தம்பி. அவ சித்தப்பா வூட்டு அக்கா ஸ்டெல்லாவுக்குத்தான் ஒடம்பு முடியல. தொணைக்கு வந்திருக்கோம்."

"அப்பிடிங்களா. வாசல்லயும் ஸ்டெல்லான்னுதான் சொன்னாங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாருங்க?"

ஈரப் பாத்திரத்தோடு, முழு ஆரோக்கியத்தோடு, நான் நின்றேன். பெரியம்மா என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் வரவில்லை. உண்மையைச் சொல்லும் உரிமை என்னுடையதா என்றும் தெரியவில்லை. அது சகாயத்தின் செய்தி.

உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது. "அம்மா, வழிய விடு. நாந்தான் படுத்திருக்கேன்னு சொல்லு."

சேவியர் உள்ளே போனார். நான் தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டேன். சகாயம் எல்லாவற்றையும் சொல்வது துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. வலி, நிறம், ஊசி, என் தந்தை. பிள்ளைகளுக்கும் வரலாம் என்பதையும் அவள் மறைக்கவில்லை. 

வெளியே வந்தபோது அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. "வூட்ல பேசணுங்க" என்றார். ஆரஞ்சுப் பை கட்டிலின் மேல் இருந்தது.

அவர் போனதும் சகாயம் மருத்துவரைக் கூப்பிடச் சொன்னாள். "என் பேரு சகாயமேரிங்க. அதுல அப்பிடியே எழுதிக்கங்க." பெரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

என் அட்டையை மருத்துவர் திருப்பித் தர வந்தார், தயங்கினார். "இத நான் வச்சுக்கட்டுங்களா? இங்க வேல பாக்கறவங்க எல்லாருக்கும் காட்டணும்." கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை சேவியரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பெரியம்மா மகளோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. தருமபுரிப் பேருந்து நிலையத்தில் மொரப்பூர் வண்டிக்குக் காத்திருந்தோம். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு நெருக்கியது. அந்தக் கூட்டத்தை நம்பிப் பலூன்காரரும் வளையல்காரரும் புறப்பட்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் ஒருவர், பேட்டரிப் பெட்டியும் ஊசியுமாக, பச்சை குத்தும் படங்களை விரித்து உட்கார்ந்திருந்தார். வேல், மயில், சிலுவை, தேள். 'கையில் பெயர் எழுதப்படும்' என்று ஒரு பலகை.

சகாயம் அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்தாள். "அக்கா, பொட்டியில வச்சுப் பூட்ட முடியாதது ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள்.

அட்டை முழுவதையும் கையில் எழுத இயலாது. விரிவான செய்யுளை இரண்டு வரியில் சுருக்கித் தரச் சொல்லும் வினாக்களுக்கு நான் விடை எழுதிப் பழகியவள். இதற்குப் பட்டதைப் போல எதற்கும் பாடுபட்டதில்லை. முடிவில், ஆங்கில எழுத்தில் நோயின் பெயர். அதன் கீழே தமிழில் 'பட்டினி ஆகாது'. பெயர் தெரிந்த மருத்துவருக்கு அது போதும். தெரியாதவர் புத்தகத்தைப் புரட்டுவார். தேநீர்க் கடையின் கொதிநீரில் ஊசியைப் போட்டு எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பச்சை குத்துபவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு இணங்கினார். காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்ததை அவர் படம் போலப் பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினார்.

"இம்மா நீளப் பேரா இருக்குதே! மாப்ள வெள்ளக்காரனா?"

"வியாதி பேருங்க" என்றாள் சகாயம்.

ஊசி நின்றது. "சாமி பேரு எழுதியிருக்கேன், சம்சாரம் பேரு எழுதியிருக்கேன், செத்த நாயி பேரு கூட எழுதியிருக்கேன். வியாதி பேரு எழுதுனதில்ல தாயி. அதுக்கு நாமளே குடியிருக்க எடம் குடுத்தாப்பல ஆயிராதா?"

"அது எப்பவோ குடி வந்துட்டுதுங்க. இப்பத்தான் வாசல்ல பேர் எழுதறோம். நீங்க எழுதுங்க."

ஊசி மறுபடியும் இரையத் தொடங்கியது. கூட்டம் கூடிவிட்டது. பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "போச்சு. கல்யாணமும் போச்சு, மானமும் போச்சு" என்றார். ஆனால் மகளின் இன்னொரு கையை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், யாரும் கேட்காமலே, வளையல்காரரிடம் மஞ்சள் தூளும் தேநீர்க் கடையில் எண்ணெயும் வாங்கி வந்து குழைத்துத் தடவினார்.

"அடுத்தது யாரு?" என்றார் பச்சை குத்துபவர், வழக்கம்போல, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

என் நெஞ்சில் ஊக்கும் அட்டையும் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நோயைப் பற்றிக் கேட்டால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவள் நான். எங்கள் கல்லூரியில் பச்சை குத்திய கையோடு ஒருத்தியும் இல்லை. உட்கார்ந்து, முழங்கைக்குக் கீழே சேலையை ஒதுக்கினேன்.

"அதே பேருங்க" என்றேன்.

மொரப்பூரில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில்தான் சேவியரின் கடை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் அதை நிறுத்திவிட்டு வந்தார். சகாயம் கையை மறைக்கவில்லை. வீங்கிச் சிவந்திருந்த எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகப் படிக்க முயன்றார். முதல் மூன்றைத் தாண்டவில்லை. கீழ் வரியைப் படித்துவிட்டார்.

"பட்டினி ஆகாது" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "மேல இருக்கறதத் தமிழ்ல எழுதிக் குடுங்க. ஆவாத மருந்துப் பேரெல்லாம் கூட."

"அவள் கையிலேயே இருக்கிறதே."

"கையப் பாத்துப் படிக்கிற டாக்டரா இருந்தாச் சரிங்க. வாயத் தொறந்து கேக்கற டாக்டரா இருந்தா நான் சொல்லணுமில்ல? எங்க வூட்ல ரெண்டு நாளா ஒரே சத்தம். எங்கம்மாவும் மனப்பாடம் பண்ணணுமாம். மருமவளுக்கு என்னன்னு ஊர்ல யாரு கேட்டாலும் பதில் சொல்லணுமாம், அதான்."

கடையின் ரசீதுத் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். பெரியம்மா கடைப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். சகாயம் அவரைப் பார்த்து, "எனக்கும் பசிக்குது" என்றாள். தவக்காலம் இன்னும் முடியவில்லை. சேவியர் எதிர்க் கடைக்கு வடை வாங்க ஓடினார்.

மறுநாள் பெரியப்பா என்னை ரயிலேற்ற வந்தார். பெட்டியிலிருந்து தன் அட்டையை எடுத்துத் தன் பச்சை பெல்ட்டில் வைத்திருந்தார். சாவி ஆணியில் தொங்குவதாகச் சொன்னார். பெரியம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தேன். வெல்லம். இந்தப் பக்கத்து அச்சு வெல்லமோ என்னவோ, எங்கள் ஊர் வெல்லத்தைவிடக் கறுப்பு.

வண்டியில் எதிரில் இரண்டு பெண்கள். ஒருத்தி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எழுத்துகளின் மேல் மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"இங்கிலீசுல எழுதியிருக்குது! யாரு பேருங்க? ஒங்க வூட்டுக்காரரா?"

சன்னலுக்கு வெளியே பாறையும் முள்ளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இல்லைங்க. எனக்கு ஒரு நோய் இருக்கிறது, அதன் பெயர்" என்றேன். "கொஞ்சம் நீளமான கதை. வெல்லம் எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்."